மலைக்கு வர்றீங்களா, சண்டைக்குப் போறீங்களா?

சனிக்கிழமை முதல் பஸ்ஸுல எங்க ஊருக்கு ஒரு பட்டாளம் வந்து இறங்குது. நிஜப் பட்டாளம் இல்லைங்க. கோயமுத்தூர், ஈரோடு, பெங்களூருன்னு கம்பெனி வேலையில இருக்கிற பசங்க, புள்ளைங்க. அந்தியூர்ப் பக்கம் மலையடிவாரத்துல இருக்குது எங்க ஊர். இங்கிருந்து மேலே மலைக்கோயிலுக்குப் பாதை போகுது. காலையில ஏறி, சாயங்காலம் இறங்கிடுவாங்க. சில பேர் மேலே இருக்கிற மலைக்கிராமத்துல ஒரு ராத்திரி தங்குவாங்க. வரட்டும். அனுமதி வாங்கி, வழி தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவங்க முதுகுல வர்ற சாமான் மேலதான் வருத்தம்.

பார்த்திருப்பீங்க. ராணுவப் புள்ளி போட்ட பெரிய பை. பையோட முதுகு, விலா எல்லாப் பக்கமும் வரி வரியா நாடா தைச்சிருக்கும். அந்த நாடாவுல குட்டிக் குட்டிப் பை. ஒண்ணுல டார்ச், ஒண்ணுல கத்தி, ஒண்ணுல முதலுதவி, ஒண்ணுல என்னன்னு மாட்டினவருக்கே தெரியாது. இரும்பு டம்ளர் ஒண்ணு தொங்கி டங்கு டங்குன்னு அடிக்கும். முன்பக்கம் மாருல இன்னொரு பட்டை, அதுல இன்னும் நாலு பை. இதுக்குப் பேரு 'மாலி'யாம். வடக்கத்தியார் தோட்டக்காரனை மாலின்னு சொல்லுவாங்க, அதுன்னு நினைச்சுட்டேன். கேட்டா அமெரிக்கப் பட்டாளத்துச் சாமானாம். தேவைக்குத் தக்கபடி பைகளைக் கழட்டி மாட்டிக்கிற ஏற்பாடு.

என் தங்கச்சி மகன் பட்டாளத்துல ஹவில்தாரா இருக்கான். லீவுக்கு வந்தப்ப இதைப் பத்திக் கேட்டேன். அவன் கொஞ்சம் சொன்னான், மீதியைப் போன்ல தேடித் தேடிப் படிச்சேன். பள்ளிக்கூடத்தோட படிப்பு முடிஞ்ச ஆளுதான் நான். ஆனா ஒரு சாமான் எதுக்காகச் செஞ்சதுன்னு தெரியாம அதைத் தொடக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லிக் கொடுத்திருக்கார்.

அமெரிக்க ராணுவம் 1973-ல் இருந்து 'ஆலிஸ்' என்ற சுமை ஏற்பாட்டை வைத்திருந்தது. இடுப்பு பெல்ட்டில் கொக்கி போட்டுப் பைகளை மாட்டுவது. அதற்குப் பதிலாக மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நேட்டிக் என்ற ஊரில் இருக்கும் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் இந்த மாலியை உருவாக்கினார்கள். 1997-ல் அறிமுகம். 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தான், இராக் சண்டைகளில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. ஒரு அங்குல அகல நைலான் நாடா, அடுத்த நாடாவுக்கு ஒரு அங்குல இடைவெளி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். இந்த அளவு எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கிறதால யார் தைச்ச பையும் யார் கவசத்துலயும் மாட்டும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லலை.

ஆனா யாருக்காக யோசிச்சான்? ஒரு படைப்பிரிவுல ஒருத்தன் துப்பாக்கிக்காரன், ஒருத்தன் குண்டு வீசுறவன், ஒருத்தன் காயத்துக்குக் கட்டுப் போடுறவன். ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற சாமான். எல்லாரும் மேல குண்டு துளைக்காத கவசம் போட்டிருக்கான். கவசத்துக்கு மேல சட்டைப்பை கிடையாது, இடுப்பு பெல்ட் உட்காராது. சுடும்போது கண்ணை எடுக்காம கை தானா போய்த் தோட்டாவை எடுக்கணும். அதனால நாடா, அதனால வெளியில தொங்குற பை. ஏங்க, உங்களுக்கு என்ன அவசரம்? கடலைமிட்டாயை எதிரியைப் பார்த்துக்கிட்டேவா எடுக்கப் போறீங்க?

சுமையைப் பத்தி எனக்குப் பேச உரிமை இருக்குங்க. முப்பது வருசமா மருந்து டேங்க் முதுகுல சுமக்கிறேன். 16 லிட்டர் டேங்க். தண்ணி நிறைச்சா, பேட்டரியோட சேர்த்து இருபது கிலோவுக்கு மேல வரும். வார் ரெண்டு தோள்லயும் அறுக்கும். அந்த டேங்க் முதுகோட ஒட்டி இருந்தா ஒரு ஏக்கர் அடிக்கலாம். வார் தளர்ந்து நாலு விரல்கடை பின்னால தள்ளி நின்னுச்சுன்னா, அதே இருபது கிலோ நடு முதுகைப் பிடிச்சு இழுக்கும். வரப்புல நடக்கும்போது ஆளையே சாய்க்கும். எடை மாறலை, இடம்தான் மாறியிருக்கு.

மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். பாரம் அச்சுக்கு நேரா இருக்கணும். பின்பாரம் ஆச்சுன்னா நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டோட கழுத்தை நெரிக்கும். முன்பாரம் ஆச்சுன்னா கழுத்து அழுந்திப் புண்ணாகும். மூட்டை ஏத்தி முடிச்சதும் நுகத்தை ஒரு கையால தூக்கிப் பார்ப்பார் எங்கப்பா. அவர் மூஞ்சியைப் பார்த்தா போதும், இறக்கி அடுக்கணுமா வேண்டாமான்னு தெரிஞ்சிடும்.

மாலிப் பையில என்ன நடக்குது? கனமான சாமான் முதுகை ஒட்டி உள்ளே இருக்க வேண்டியது. ஆனா வெளியில நாடா இருக்கே, மாட்டணுமேன்னு தோணும். தண்ணி பாட்டில் வெளியில, கத்தி வெளியில, பவர் பேங்க் வெளியில. முழுப் பின்பாரம். அதைச் சரிக்கட்ட மாருல நாலு பை. அது முன்பாரம். மேலே ஏறும்போது முன்பக்கப் பை மூச்சை அடைக்குது. இறங்கும்போது அதே பை உங்க பாதத்தை மறைக்குது. உருண்டைக்கல் கிடக்கிற எங்க மலைப்பாதையில, எங்க கால் வைக்கிறோம்னு பார்க்க முடியாம இறங்குறதைவிடக் கெட்டது ஒண்ணு இருக்கா?

போன மாசி மாசம் ஒரு தம்பி எங்க திண்ணையில உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தார். நல்ல பையன், மரியாதையான பையன். "அண்ணா, ஒரே வெயில்ணா" என்றார். "வெயில் இல்ல கண்ணு, பை" என்றேன். சிரிச்சார். எங்க வீட்டுல காய் எடை போடுற தராசு இருக்கு. வெச்சுப் பார்த்தோம். 17 கிலோ. ஒரு நாள் நடைக்கு! எல்லாத்தையும் வெளியில எடுத்துட்டு வெறும் பையையும் குட்டிப் பைகளையும் மட்டும் வெச்சோம். மூணரைக் கிலோ. உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லாமலே மூணரைக் கிலோ. அந்தத் தடித்த துணியும், நாடாவும், பிளாஸ்டிக் கொக்கியும் சேர்ந்த கனம் அது. தம்பி அறுபத்தஞ்சு கிலோ இருப்பார். ஒரு நாள் நடைக்கு உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு, ராத்தங்கலுக்கு ஐந்துல ஒரு பங்குன்னு மலை ஏறிப் பழகினவங்க கணக்கு வெச்சிருக்காங்க. தம்பி நாலுல ஒரு பங்கைத் தாண்டிட்டார். எடுத்துப் போட்டதுல பாதி அன்னிக்கு எங்க திண்ணையிலயே இருந்துச்சு. சாயங்காலம் வந்து எடுத்துக்கிட்டுப் போனார். ஒண்ணுகூடத் தேவைப்படலையாம்.

நாடா இருந்தா பை வரும், பை வந்தா அதுக்குள்ள போட ஒரு சாமான் வரும். வீட்டுல ஒரு காலி பரண் இருந்தா என்ன ஆகும்னு உங்க வீட்டுப் பொம்பளைகளைக் கேளுங்க.

பட்டாளத்துக்காரன் மட்டும் இதைச் சுகமா சுமக்கிறானா? அதுவும் இல்லை. 2003-ல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க வீரர்களின் சுமையை அவர்கள் ராணுவமே எடை போட்டுப் பார்த்தது. சண்டைச் சுமை மட்டும் சராசரி 63 பவுண்டு, அதாவது 28 கிலோவுக்கு மேல். நடைப் பயணச் சுமை 100 பவுண்டை ஒட்டி, 45 கிலோ. அவர்கள் கையேடு வைத்திருந்த கணக்கோ 48-ம் 72-ம் பவுண்டுதான். சிப்பாய் முதுகில் அளவுக்கு மேல் ஏற்றாதே என்று எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்பவர் 1950-லேயே அந்த நாட்டில் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். இன்னும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவங்களுக்கு வேற வழியில்லை, உத்தரவு. முதுகு போச்சுன்னு பென்சன் வாங்கிக்கிட்டுப் பேசுற பழைய பட்டாளத்துக்காரங்க எங்க ஊர்லயே இருக்காங்க.

இதைவிட ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. மாலியோட முதல் வடிவத்துல முதுகுப் பைக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம். அது இடுப்பு பெல்ட்டோட குமிழும் குழியுமா பொருந்தும். அது உடைஞ்சு தொல்லை குடுத்துச்சு, அப்புறம் அந்த ஏற்பாட்டையே தூக்கிப் போட்டாங்க. அமெரிக்க மரைன் படை 2004 வாக்கில் மாலி முதுகுப் பையை விட்டுவிட்டு வேறு பைக்குப் போனது. அதை வடிவமைத்தது யார் தெரியுமா? ஆர்க்டெரிக்ஸ் என்ற கனடா கம்பெனி. மலையேறுகிறவர்களுக்குப் பை தைக்கிற கம்பெனி! பின்னால அதையும் மாத்தினாங்க, கவசத்தோட ஒத்துப்போகலைன்னு. மாத்தின காரணம் கவசம். உங்களுக்குக் கவசம் இல்லையே. சிப்பாயே நல்ல பை வேணும்னு மலையேறி கிட்டப் போறான், நம்ம மலையேறி சிப்பாய் பையைத் தேடிக் காசு குடுக்கிறார்.

"பேரே தேவைக்கேத்த மாதிரி மாத்திக்கிறதுதானே அண்ணா, வேண்டாததைக் கழட்டிட்டா போச்சு" என்பீங்க. கழட்டினவரை நான் இன்னும் பார்க்கலை. தேவைக்கேத்த மாதிரி மாட்டுறதுன்னா என்னன்னு பார்க்கணும்னா பனையேறுறவங்களைப் பாருங்க. இடுப்புல அருவாப்பெட்டி. அதுல பாளை சீவுற அருவா, வேற ஒண்ணும் கிடையாது. தெளுவு இறக்கச் சுண்ணாம்பு. (பதநீரை நாங்க தெளுவுன்னு சொல்லுவோம்.) இறக்கி ஊத்த ஒரு குடுக்கை. அவ்வளவுதான். கை கண்ணு பார்க்காமலே அருவாவுக்குப் போகும். மரத்து உச்சியில ஒரு சாமான் அதிகமா இருந்தா உயிருக்கு ஆபத்துன்னு அவங்களுக்குத் தெரியும். நூறு வருசத்துக்கு முந்தின மாலி அது. ஒரு வேலைக்கு, அந்த வேலைக்கு மட்டும்.

இன்னொண்ணு. பாதை ஓரமெல்லாம் உண்ணிச்செடி அடைஞ்சு கிடக்கு, இடையில இண்டமுள், சூரமுள். நாடாவும் கொக்கியும் தொங்குற பை அதுல மாட்டாம வராது. டம்ளர் சத்தத்துல, முன்னால கிளை ஒடியுற சத்தம் காதுல விழாது. எங்க மலையில கிளை ஒடிஞ்சா அது காத்து இல்லை, யானை. யானை திரும்பிடுச்சுன்னா பையைப் போட்டுட்டு ஓடுன்னுதான் மலைக்காரங்க சொல்லுவாங்க. மாருல ஒரு கொக்கி, வயித்துல ஒரு கொக்கி, முன்பை பின்பையோட பின்னிக் கிடக்க, அந்த நேரத்துல எதை முதல்ல கழட்டுவீங்க?

இது வரைக்கும் நான் சொன்னது உங்க முதுகைப் பத்தி. முதுகு உங்களுது, விட்டுடலாம். இனிமே சொல்றது எங்களைப் பத்தி.

அந்தப் புள்ளித் துணி உங்களுக்கு ஒரு டிசைன். இந்த மலையடிவாரத்துல அது டிசைன் இல்லை. வீரப்பனைத் தேடின காலத்துல, 2004 அக்டோபர்ல அவர் கதை முடியுற வரைக்கும், இந்த மலை முழுக்க அதிரடிப்படை. தேடுதல் வேட்டைங்கிற பேர்ல மலைச்சனம் பட்ட பாட்டைப் பத்தி விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டது. 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுக்கச் சொன்னது. சும்மா சொல்லுவாங்களா?

எங்க சாலையோரக் குடிசையில ஒரு ஆத்தா இருக்குது, எழுபது தாண்டிடுச்சு. ஒரு சனிக்கிழமை பனியோட பனியா பத்துப் பேர் புள்ளி போட்ட பையும் தொப்பியுமா வரிசையா நடந்து வந்தாங்க. ஆத்தா தண்ணிக் குடத்தைப் போட்டுட்டு மாட்டுக் கொட்டாய்க்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. அவங்க போன பிறகும் வரலை. நான் போய், "ஆத்தா, அது டவுன்காரப் பசங்க, சாமி கும்பிடப் போறாங்க" என்றேன். "எனக்குத் தெரியுஞ் சாமி. தெரியுது. கால்தான் கேக்க மாட்டேங்குது" என்றது. என்ன பார்த்துச்சு, என்ன கேட்டுச்சுன்னு நான் விசாரிக்கலை. நீங்களும் வந்து விசாரிக்காதீங்க.

அதுக்கு மேல ஒரு சங்கதி. எங்க தெருவுல ஆடு மேய்க்கிற பையன் ஒருத்தன் இருக்கான், 19 வயசு. மலைக்கு வந்த ஒரு கூட்டம், இறங்கிப் போகும்போது பழைய மாலிப் பை ஒண்ணை அவனுக்குக் குடுத்துட்டுப் போச்சு. நல்ல மனசுதான். பையனுக்குச் சந்தோசம். சோத்துப் போசியும், கொத்துருவாவும், தண்ணியும் அதுல வெச்சுக்கிட்டு ஆட்டோட போனான். மூணாம் நாள் ஒரு இடத்துல பிடிச்சு உட்கார வெச்சுட்டாங்க. யார் பிடிச்சாங்கன்னு எழுதி அவன் பிழைப்பைக் கெடுக்க நான் தயாரில்லை. பையைக் கொட்டிக் கேட்டாங்களாம்: "யாருக்குடா சோறு கொண்டு போற?"

அந்தக் கேள்வியைப் படிச்சுட்டு நீங்க அடுத்த வரிக்குப் போயிடுவீங்க. எங்க ஊர்ல ஐம்பது வயசு தாண்டின யாருக்கும் அப்படிப் போக முடியாது. வேட்டைக் காலத்துல மலைக்கு அரிசி கொண்டு போனவனை எல்லாம் கேட்ட கேள்வி அது. அவனோட அப்பன், நான், இன்னும் ரெண்டு பேர் போய்ச் சாயங்காலம் கூட்டிக்கிட்டு வந்தோம். அவன் போன் திரும்பி வர ஒரு வாரம் ஆச்சு. அன்னிக்குக் காலையில அதே வழியில, அதே மாதிரிப் பையோட போன உங்க ஆளுங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னும் விசாரிச்சேன். "பார்த்துப் போங்க சார்"னு சொன்னாங்களாம்.

உங்களுக்கு அந்தப் பை வேசம். கழட்டிட்டு திங்கக்கிழமை ஆபீசுக்குப் போயிடலாம். அவன் மாட்டினா அது சந்தேகம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு வக்கீல் தம்பி எனக்கு விளக்கினார். சிப்பாய்னு மத்தவங்க நம்பணும்கிற எண்ணத்தோட சிப்பாய் உடுப்பைப் போட்டாத்தான் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்துல 140-வது பிரிவு, இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவில 168. மூணு மாசம் வரை ஜெயில், இல்லை இரண்டாயிரம் ரூபா வரை அபராதம், இல்லை ரெண்டும். பை மாட்டுறது குற்றமே இல்லை. சரிங்க, ஒத்துக்கிறேன். அந்தப் பிரிவைப் படிச்சுக் காட்டி அந்த ஆட்டுக்காரப் பையன் வீட்டுக்கு வந்திருக்க முடியுமா? 2016 ஜனவரியில பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள்ள நுழைஞ்சவங்க ராணுவ உடுப்புலதான் வந்தாங்க. அதுக்கப்புறம் ராணுவமே பொதுசனம் இந்த மாதிரி உடுப்புப் போடாதீங்கன்னு கேட்டுக்கிச்சு. அவங்க சொல்லியும் கேட்கலை, நான் சொல்லியா கேட்கப் போறீங்கன்னு தோணுது. இருந்தாலும் எழுதுறேன்.

இந்த ஏற்பாட்டால யாருக்கும் பிரயோசனமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். காட்டுத்தீ அணைக்கிறவங்க, மீட்புக்குப் போறவங்க, கம்பத்துல ஏறுற லைன்மேன், இவங்களுக்கு இந்த நாடாவும் பையும் வரம். அவசரத்துல இருட்டுல கை போற இடத்துல சாமான் இருக்கணும். ஜீப் சீட்டுக்குப் பின்னால மாட்டி ஸ்பானர் செருகி வெச்சிருக்கிற டிரைவர் ஒருத்தரைத் தெரியும், அருமையா இருக்கு. உரத்துத் தைச்சது, பத்து வருசம் உழைக்கும்னு சொல்றீங்க, அதுவும் நிஜம்தான். கடப்பாரைகூடத்தான் உழைக்கும். அதைத் தோள்ல போட்டுக்கிட்டா கோயிலுக்குப் போறோம்?

மலைக்கு நடக்கிறவருக்கு ஒரே ஒரு சாதா முதுகுப் பை போதும். வெளியில எதுவும் தொங்கக் கூடாது. இடுப்புக்குப் பட்டை இருந்தா நல்லது, பாரம் தோளை விட்டு இடுப்புல இறங்கும். தண்ணி முதுகை ஒட்டி நடுவுல. மழைக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை போட்டு அதுக்குள்ள துணி. கையில ஒரு மூங்கில் கோல். கலர் சிவப்போ, நீலமோ, மஞ்சளோ, எதுவா இருந்தாலும் பளிச்சுன்னு இருக்கணும். போன ஐப்பசியில ஒரு தம்பி வழி தவறிட்டார்னு நாங்க ஆறு பேர் ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டுப் போனோம். பச்சைப் புள்ளிப் பை, பச்சைப் புள்ளிச் சட்டை, காய்ச்சலோட ஒரு புதர் ஓரமா சுருண்டு கிடந்தார். பக்கத்துலயே ரெண்டு தடவை கடந்து போயிருக்கோம். மறைஞ்சு இருக்கிறதுக்குன்னே செஞ்ச துணி, அது வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு.

ஏற்கெனவே வாங்கி வெச்சிருந்தா என்ன பண்றதுன்னு கேட்கிறவங்களுக்கு: குட்டிப் பைகளைக் கழட்டிக் காருக்குள்ள வெச்சுக்குங்க. பெரிய பை புள்ளி இல்லாம ஒரே கலரா இருந்தா, அதையே கொண்டு வாங்க, நாடாவுல எதுவும் மாட்டாம. புள்ளி போட்டதா இருந்தா வீட்டுலயே இருக்கட்டும். தயவுசெஞ்சு எங்க ஊர்ப் பசங்களுக்கு மட்டும் குடுத்துட்டுப் போயிடாதீங்க. குடுக்கணும்னு ஆசை இருந்தா ஒரு டார்ச் குடுங்க, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகும்போது பாம்பு பார்த்து நடக்க உதவும்.